விட்டுப் படித்த வரி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

ஊரே மதுவிலக்கைப் பேசுகிறது. அடுத்த பேச்சு மில் பெண்களின் வேலை நேரம்தான் என்று போன வாரம் எங்கள் பத்திரிகையில் ஜோசியக்காரன் போல எழுதினேன். பக்கத்து வீட்டு மாராத்தாள் குழாயடியில் புலம்பியதுதான் என் ஜோசியம். பேரைப் போடவில்லை. ஆனால், மில்லில் நூல் சுற்றும் பெண்களைக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூட விடுவதில்லை என்று போட்டுவிட்டேன். நூல் சுற்றும் இடத்தில் கைக்குழந்தைக்காரி அவள் ஒருத்திதான். அதை வைத்தே மேஸ்திரி அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டான்.

இன்று அந்தப் பத்திரிகையோடு வந்தாள். "ஏனுங்ணா, இதுல என்னையப் பத்தி எழுதியிருக்குதாமுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சுச் சொல்லுங்க."

அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன்.

"என்னையப் பத்தி ஒண்ணுமே இல்லீங்களே?"

"இல்லீங்க அம்மணி" என்றேன்.

"அப்ப நாளைக்கே மில்லுக்குப் போயி, நீங்க படிச்சதைச் சொல்லி நாயம் கேக்கறனுங்க" என்று முகம் மலர்ந்து போனாள்.