பேனலைக் கழற்ற வந்தவர்கள்

அன்பு மகனுக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நல்ல வார்த்தையை முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் அடுத்த வரியிலிருந்து உனக்கு நல்ல வார்த்தை எதுவும் கிடைக்காது. போனில் பேசலாம்தான். ஆனால் நான் குரலை உயர்த்தினால் நீ மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, படித்துத்தான் தீர வேண்டும்.

மூன்று வாரம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பின்கட்டுத் தையல் அறையில் பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நம் முன்வீட்டு மாடியில் தடதடவென்று சத்தம். குரங்கு ஏதும் ஏறிவிட்டதோ என்று கத்தரிக்கோலோடு ஓடி வந்து பார்த்தால் சுவரில் ஏணி சாய்த்திருக்கிறது, மேலே மூன்று ஆட்கள், ஆறு சோலார் பேனலில் இரண்டை ஏற்கெனவே கழற்றிப் படுக்க வைத்தாயிற்று. யாரப்பா நீங்க, யாரைக் கேட்டு மேல ஏறினீங்க என்று கத்தினேன். அதில் தலைவன் மாதிரி ஒருவன், தலை நிறையச் சுருட்டை முடி, மற்றவர்களும் அவனைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவன் எட்டிப் பார்த்து, “உங்க பையன்தாம்மா போன் பண்ணாரு, இதைக் கழட்டி உங்க கொழுந்தனார் வீட்டு மாடியில மாட்டணுமாம்” என்றான். எதுக்கு என்றேன். “நீங்க பையன்கிட்டயே போய் இருக்கப் போறீங்கல்ல, பூட்டின வீட்டுல பேனல் எதுக்குன்னு சொன்னாரு” என்றான். யாரு, நானா என்றேன். அவன் ஏணியில் இரண்டு படி இறங்கி, குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குத் தெரியாதாம்மா?” என்று கேட்டான். மகனே, ஊர் பேர் தெரியாத ஒருவன் என் வீட்டு ஏணியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். அதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?

அதற்குள் உன் சித்தப்பா கையில் அளவு நாடாவோடு சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மளிகைக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அதற்கு முந்தின வாரம் இத்தனை வருஷப் பழக்கத்துக்கு என்று கூடவே ஒரு சோப்பைப் போட்டுக் கொடுத்தார், நான் அசடு மாதிரி சந்தோஷப்பட்டு வாங்கி வந்தேன். போக வேண்டியவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சித்தப்பா சொல்கிறார், “எல்லாம் நல்லதுக்குத்தானே அண்ணி, நீங்க போயிட்டா இங்க வெயில் சும்மா வீணாத்தானே போகும்.” ஏன், உங்க மாடியில இத்தனை வருஷமா வெயிலே அடிக்கலையா, ஒரு பேனல் வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்று கேட்டேன். அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே மருமகள் போன் செய்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும், “உங்ககிட்ட கேட்டுட்டார்னுதான் அத்தை நான் நினைச்சேன், ரூமுக்குப் பெயிண்ட்கூட அடிச்சாச்சு” என்றாள். பாவம், அவள் மேல் எனக்கு ஒரு துளி கோபம் இல்லை. ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறார்களாம், பேத்தி சுவரில் பூ வரைந்திருக்கிறாளாம். என்ன நிறப் பூ என்றுகூடக் கேட்டேன், அது வேறு விஷயம். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து நான் என்ன செய்வேன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? நீ வேலைக்குப் போய்விடுவாய், அவள் போய்விடுவாள், குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். நான் சாயங்காலம் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இங்கே என்னோடு மூன்று பெண்கள் தைக்கிறார்கள். கரண்ட் போனாலும் மெஷின் நிற்காமல் ஓடுவது அந்தப் பேனலால்தான். அதை நீ கழற்றச் சொன்னது கூரையிலிருந்து இல்லை, அந்த மூன்று பேர் கையிலிருந்து.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து உனக்குப் பயம், எனக்குத் தெரியும். பயந்தால் என்னிடம் சொல்ல வேண்டும். அம்மா எனக்குப் பயமா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் உட்கார்ந்து யோசித்திருப்பேன். அலமாரியை நகர்த்துகிற மாதிரி ஆள் வைத்து என்னை நகர்த்தப் பார்த்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சரி, நடந்ததைக் கேள். ஆட்களைத் திருப்பி அனுப்பத்தான் வாயைத் திறந்தேன். பிறகு கழற்றின இரண்டு பேனலையும் பார்த்தேன், வீட்டையும் பார்த்தேன். நான்கு அறை, நான் படுப்பது ஒன்றில், மற்ற மூன்றையும் பெருக்கியே இடுப்பு போகிறது. வீடு எனக்குப் பெரிசு என்று நீ நினைத்ததில் தப்பில்லை, அதற்கு நீ கண்டுபிடித்த வழிதான் தப்பு. சுருட்டையைக் கூப்பிட்டு, தையல் அறைக் கூரை இதைத் தாங்குமா பாரப்பா என்றேன். அவன் ஏறி நாலு மூலையிலும் மிதித்துப் பார்த்து, “கூரை தாங்கும்மா, ஆனா பக்கத்து வீட்டு மரம் ஒரு ஓரத்துல நிழல் அடிக்குது, நாலுதான் மாட்டலாம்” என்றான். நாலு போதும் என்றேன். இரண்டு நாளில் இரும்புச் சட்டம் அடித்து, வயரை இறக்கி, பேட்டரியையும் கட்டிங் மேசைக்குப் பின்னால் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். மீதி இரண்டு பேனல் போர்வை போர்த்திச் சுவரோரம் நிற்கிறது. உன் சித்தப்பா அதை இரண்டு தடவை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். தரமாட்டேன்.

முன்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்கவில்லை. கேட்காமல் செய்தால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும். வந்திருப்பது ஆஸ்பத்திரி நர்ஸ், அவள் புருஷன், இரண்டு வாலுப் பிள்ளைகள். அவள் யூனிஃபார்ம் தைக்க வரும்போதெல்லாம் வீடு கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவள்தான். காலையில் போகும்போதே என் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்துவிட்டுத்தான் போகிறாள், அதனால் உன் பயமும் கொஞ்சம் குறையட்டும். என் கட்டில், பீரோ, அப்பா படம் எல்லாம் தையல் அறையை ஒட்டின ரூமுக்கு வந்தாயிற்று. இங்கே உள்ள குளியலறையில் கைப்பிடி வைத்து, வழுக்காத கல்லும் பதித்தாயிற்று. போன புதன்கிழமை கரண்ட் போனபோது தெருவே இருட்டிக்கொண்டது, எங்கள் நாலு மெஷினும் ஓடின. அந்தச் சத்தத்தை உனக்குப் போனில் கேட்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு கோபம் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

பேத்தி வரைந்த பூவை யாரும் அழிக்க வேண்டாம். பள்ளி லீவு விடும்போது ஒரு மாதம் வந்து அந்தக் கட்டிலில் படுப்பேன், திரும்பி வர டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அவளுக்கு இரண்டு கவுன் தைத்து வைத்திருக்கிறேன், தோள் அளவை மருமகளை அனுப்பச் சொல். நீ உப்பைக் குறை, நேரத்துக்குத் தூங்கு. நீயும் உன் குடும்பமும் குறையொன்றும் இல்லாமல் நெடுநாள் நன்றாக வாழ வேண்டும். கோபத்தில் எழுதினாலும் இது மனதிலிருந்து வருகிறது.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த தடவை வரும்போது பழக்க தோஷத்தில் முன்கதவு மணியை அடித்துவிடாதே, அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. பக்கத்துச் சந்து வழியாக வந்து தையல் அறைக் கதவைத் தட்டு. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், பலமாகத் தட்டு.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா