கல்குதிரைக்கு வைத்த சரவெடி

இன்று காலை சலூனில் பாதி முகம் மழித்த நிலையில் எழுந்து நின்று சண்டை போட்டேன். காரணம் கேட்டால் நீ சிரிப்பாய். டிவியில் அந்தப் படம் ஓடியது. நம் கல்குதிரைப் படத்தின் இரண்டாம் பாகம். அதே தமிழ்க் குரல்கள், சாம்பல் ராணியின் படை கோட்டைக்குள் புகுகிற அதே இடம். "அத அணைலே" என்றேன். கடைக்காரன் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "குதிரை வர்ற நேரம்ணே, பாத்துட்டு அணைச்சிருவோம்" என்றான். ரிமோட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். மினிபஸ் ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. "குதிரை உங்கள என்னண்ணே செஞ்சுச்சு?" என்று அவன் கேட்டான். ஒரு கன்னத்தில் தாடியோடு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். என் இடத்தில் நீ இருந்திருந்தால் தெருவுக்குப் போயிருப்பது ரிமோட் அல்ல, டிவி.

அப்படிப்பட்ட கை உனக்கு. எட்டாம் வகுப்பில் ஒரே நாளில் அடி வாங்கி, ஒரே நாளில் படிப்பை விட்டவர்கள் நாம். நான் அச்சகத்துக்குப் போய்ப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரையக் கற்றேன். நீ பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தப் போனாய். ஒரு தீபாவளி சீசனில், நாலு பேர் மட்டுமே இருக்க வேண்டிய ரூமுக்குள் போர்மேன் ஆறு பேரை உட்காரவைத்தான். ஆறில் ஒருத்தி உன் மனைவி. நீ அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, வேப்பமரத்தில் சாத்திவைத்து வாயில் குத்தினாய். இரண்டு பல் போனது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டு அவன் சத்தம் போட, "ஒனக்குப் பல்லுதாம்லே போச்சு, வெடிச்சிருந்தா எங்களுக்கு மொகமே இருந்திருக்காது" என்றாய். ஒரு மாதம் உனக்கு வேலை இல்லை. ஆனாலும் அந்த ரூமில் அதற்குப் பிறகு ஐந்தாவது ஆள் உட்கார்ந்ததில்லை.

மருந்து விஷயத்தில் அவ்வளவு கறார் நீ. கம்பெனி கேட்டில் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், தீப்பெட்டி வைத்துக்கொள்ளும் பழக்கமே உனக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூடச் சட்டைப்பையில் இருக்காது. இருக்கன்குடிக்குப் போனால் அம்மனுக்குச் சூடம் கொளுத்தவும் என்னிடம்தான் கை நீட்டுவாய். "பீடி குடிக்கிறவன்கூட சகவாசம் வச்சா இது ஒண்ணுதாம்லே லாபம்" என்பாய்.

ஆனால் அந்தக் கறார் எல்லாம் கேட்டுக்கு உள்ளேதான். மருந்து என்றால் பயம். அதைச் சுருட்டித் திரி வைத்து, என் லேபிளை ஒட்டிவிட்டால் அது வெறும் சரக்கு. அதற்குப்போய் யாராவது பயப்படுவார்களா? நம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிற புத்தி அது. வேறு ஊர்க்காரன் எட்ட நின்று ஊதுபத்தியால் வைப்பதை நாம் கையில் பிடித்துக் கொளுத்தி வீசுவோம். கல்யாணத்துக்கு வீசினோம், எலெக்சனுக்கு வீசினோம், பெரிய நடிகர் படம் வந்தால் தியேட்டர் வாசலிலும் வீசினோம். ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டோம்.

கல்குதிரை நம் வீட்டுக்குள் வந்தது உன் மகள் மாரீஸ்வரியால். வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ பிள்ளைகளுக்கு எழுதிவைத்த கதை. அதன் முதல் பாகத்தை டிவியில் பார்த்தாள். மூன்று பிள்ளைகள் பழைய சரக்குக் கிட்டங்கிக்குள் ஒளியப் போய் வேறொரு ராஜ்யத்தில் விழுகிறார்கள். கல்லால் ஆன குதிரை அவர்களைச் சுமந்து, எரியும் கோட்டையிலிருந்து தாவிப் பாறையில் விழுந்து சுக்குநூறாகிறது. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ என்னிடம் வந்து, "மாப்ள, அந்தக் குதிரைய ஒட்டவச்சுக் குடுலே" என்றாய். நான் அதை ஒரு சரவெடி லேபிளில் வரைந்தேன். முதலாளிக்குப் பிடித்துப்போய் அந்த சீசனில் லோடு லோடாகக் குதிரை போனது. அது யாருடைய குதிரை, கேட்காமல் வரையலாமா என்றெல்லாம் நம் ஊரில் யார் யோசித்தார்கள்!

இரண்டாம் பாகம் தமிழ் பேசிக்கொண்டு சிவகாசிக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. வெள்ளிக்கிழமையே நான் பார்த்துவிட்டேன். குதிரையைக் கடைசிவரை கண்ணிலேயே காட்டமாட்டார்கள். கடைசியில் சின்னப் பெண் உடைந்த கல்மேல் கை வைத்ததும் கல் மூச்சு விடும். பஞ்சாயத்துத் தலைவர் மாதிரிக் குரலில், "யாரங்கே, என் பிள்ளைகளைத் தொட்டது?" என்று கேட்டுக்கொண்டே குதிரை எழுந்திருக்கும். இதை நான் நடித்துக் காட்டியபோது மாரீஸ்வரி உன்னைக் கேட்டாள். "நடிகருக்கெல்லாம் வெடி போடுறீக, குதிரைக்கு யாருமே போடமாட்டாகளாப்பா?" நீ நெஞ்சில் தட்டிக்கொண்டாய். "நம்ம ஊருக்கு வந்துட்டு வெடி இல்லாம போயிருமா? அப்பா போடுறேன்."

ஞாயிறு மதியக் காட்சி. தியேட்டர் முழுக்கப் பிள்ளைகள். நடைபாதை ஓரத்தில் நீ, நடுவில் அவள், அப்புறம் நான். வேட்டி மடிப்பில் என் குதிரை லேபிளோடு ஒரு சரம் இருந்தது. அது எனக்குத் தெரியும். வாசலில்தான் போடப்போகிறாய் என்று நினைத்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய். திரைக்கு முன்னால் அகலமான சிமெண்டுத் தரை இருந்தது. அங்கே வீசலாம் என்று இடைவேளையில் நாம் இருவரும்தான் நடந்து பார்த்தோம். சின்னப் பெண் கல்மேல் கை வைத்தாள். நீ என் பக்கம் கை நீட்டினாய். நான் தீப்பெட்டியை எடுத்து மாரீஸ்வரியின் உள்ளங்கையில் வைத்து, "அப்பாகிட்டக் குடும்மா" என்றேன்.

திரி பற்றிய பிறகுதான் இருவரும் முன்னால் பார்த்தோம். குதிரை எழுந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சிமெண்டுத் தரைக்கு ஓடிப்போய், திரையைத் தொட்டுக்கொண்டு குதித்தார்கள். வீச இடமில்லை. பின்னாலும் பிள்ளைகள். நீ ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். பிறகு சுவரைப் பார்க்கத் திரும்பி, சரத்தை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டாய். ஒவ்வொரு வெடிக்கும் உன் உடம்பு துள்ளியது. பாலியெஸ்டர் சட்டை தீப்பிடித்து முதுகிலும் கழுத்திலும் எரிந்தது. வலது கையில் விரல்கள் இல்லை. கதவுப் பக்கம் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருத்தியின் கை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆபரேட்டர் படத்தை நிறுத்தவில்லை. திரையில் குதிரை ராணியின் படையை மிதித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அப்பன்மார்கள் வந்தார்கள். தண்ணீரை ஊற்றி உன்மேல் இருந்த தீயை அணைத்தவர்களே உன்னை அடித்தார்கள். "புள்ளைகளக் கொல்லவாலே வந்த?" என்று செருப்பால், பெல்ட்டால், பெயர்த்தெடுத்த நாற்காலிக் கையால் அடித்தார்கள். வெந்த முதுகில் விழுந்தது ஒவ்வொன்றும். நீ திருப்பி அடிக்கவில்லை. அதை முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். "கூட வந்தது யாருலே?" என்று ஒருவன் கத்திக்கொண்டு என்னிடமும் வந்தான். மாரீஸ்வரியின் முகத்தை என் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தெரியாதுண்ணே" என்றேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாய். வெடியும் உன்னுடையது, தீப்பெட்டியும் உன்னுடையது, தனியாகத்தான் வந்தாய் என்று போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்தாய். உன்னிடம் தீப்பெட்டி இருக்காது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனாய் என்று அழுதேன். அந்த அழுகையில் நிம்மதியும் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க முடியாது.

ஒவ்வொரு வருடமும் உன் நினைவஞ்சலிப் போஸ்டரை நான்தான் செய்தேன். சிரிக்கிற போட்டோ, கீழே 'கண்ணீருடன்' என்று மனைவி பெயரும் மகள் பெயரும். என் பெயரைப் போட்டதில்லை. வழக்கமாக உன் மனைவிதான் அச்சகத்துக்கு வருவாள். ஏழாம் வருடமான இந்தத் தடவை மாரீஸ்வரி வந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் நீ முறைக்கிற மாதிரியே இருக்கிறது. எழுத்துக் கோத்துவைத்த தாளைப் படித்துவிட்டு, "என் பேரப் போடாதீக மாமா" என்றாள்.

"ஏம்மா?"

"கொன்னவ பேரப் போட்டு யாராவது அஞ்சலி செலுத்துவாகளா? வெடி கேட்டது நான். தீப்பெட்டி குடுத்தது என் கை."

சின்னப் பிள்ளை, மறந்திருப்பாள் என்று ஏழு வருடம் நம்பியிருந்தேன். அவள் எதையும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ அவளைத் தனியாக அழைத்து, "மாமா பேரு வெளிய வந்துரக்கூடாதும்மா, அம்மாகிட்டகூடச் சொல்லாத" என்றாயாம். பத்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல உனக்கு எப்படியடா மனசு வந்தது? எனக்காக உயிரைக்கூட விட்டிருப்பாய், தெரியும். அவளை ஏன் இந்தப் பாரத்தோடு விட்டாய்? செத்தவன் என்று பார்க்கமாட்டேன், அந்த நிமிடம் நீ எதிரில் இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன்.

"நீ இல்லம்மா. உன் கையில வச்சது நான். குதிரை எப்ப வரும்னு சொன்னது நான். எடத்தப் பாத்து வச்சதும் நான்தான்" என்றேன்.

அவள் அடித்தாள். கை ஓங்கியதே தெரியவில்லை. காதோடு சேர்த்து விழுந்த அறையில் மேசையில் இருந்த மைக் கிண்ணம் சரிந்து, உன் போட்டோமேல் சிவப்பு ஓடியது. மிஷின் ஓட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இந்த ஒரு வார்த்தையச் சொல்ல ஏழு வருசமா மாமா? தெரியாதுண்ணேன்னீகளே, அன்னைக்கு உங்க வயித்துலதான என் மொகம் இருந்துச்சு" என்று சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் பேரப் போடுங்க. கீழ உங்க பேரையும் போடுங்க. கூட வந்தது யாருன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அன்றே அவளோடு பஸ் ஏறித் திருத்தங்கலில் உன் வீட்டுக்குப் போய், உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றுவரை என்னிடம் பேசவில்லை. போஸ்டரை நானே பசை தடவி ஒட்டினேன், அந்தத் தியேட்டர் சுவரிலும்கூட. மனைவி, மகள், அதற்குக் கீழே 'உடன் வந்தவன்' என்று போட்டு என் பெயர். படித்தவர்களில் சிலர் என்னைத் தேடி வந்து கேட்டார்கள். இந்தத் தடவை ஆமாம் என்று சொன்னேன்.

மாரீஸ்வரி அடித்த நாளிலிருந்து இடது காது ஓயாமல் இரைகிறது. டாக்டரிடம் காட்டச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். நான் காட்டப் போவதில்லை. அன்று உன்மேல் விழுந்த அடியில் என் பங்கு இவ்வளவாவது எனக்கு வந்துசேர்ந்திருக்கிறது, அதையும் மருந்து போட்டு ஆற்றிக்கொள்ள எனக்கு மனசில்லை.