அடுத்த வருஷம் வந்துவிடும் வண்டி

அன்புள்ள சக்கரத்துக்கு அம்மா எழுதுவது,

நான் சௌக்கியம். உன் அப்பாவும் சௌக்கியம் என்று அவரே சொல்கிறார், அதில் எவ்வளவு உண்மை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கிக்கொண்டு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைப்பதற்கு என்ன. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார். அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள், கொஞ்ச நாளாக என் கைக்கு வேறு வேலை இருந்தது, அதையும் சொல்கிறேன்.

போன வாரம் உன்னை டிவியில் பார்த்தோம். தானாக ஓடும் வண்டிகளின் முன்னோடி என்று கீழே எழுத்து ஓடியது. உன் சித்தப்பா அதைப் படித்துவிட்டு, முன்னால இவ ஓடுறா சரி, பின்னால வண்டியக் காணோமே அண்ணி என்றார். முறைத்தேன், ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு உன் மேல் பழைய கோபம். வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றி நீ செய்த அந்தப் பெருக்குகிற யந்திரம் அவர் காலைக் குப்பை என்று நினைத்து ஹால் முழுக்கத் துரத்தியதை மனுஷன் இன்னும் மறக்கவில்லை. சக்கரம் வைத்த எதையும் வீட்டில் விட்டுவைக்காமல் கழற்றியதால்தான் அவர் உனக்கு இந்தப் பெயரே வைத்தார். அந்த யந்திரம் கடைசியில் சுவரில் முட்டி முட்டி நின்றபோது, அம்மா, அது சுவரக் கண்டுபிடிச்சிருச்சு என்று நீ குதித்தாய். பெரிய ஆளாக வருவாய் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், மோதியதைக் கண்டுபிடிப்பு என்று சொல்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது. அப்புறம் கல்லூரி, ஆளில்லாத வண்டிகளுக்குப் பொட்டல்வெளியில் வைத்த அந்தப் பந்தயம். உன் வண்டி ஒரு வளைவு வரைக்கும் ராஜா மாதிரி போனது, அதற்குமேல் என்ன தோன்றியதோ, திரும்பி வந்து நடுவர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்துக்குள் நுழைந்து நின்றது. மற்ற வண்டிகள் எல்லாம் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்ததால் உனக்குத்தான் கைதட்டல். அடுத்த தடவை அதே வண்டி கடைசி வரைக்கும் ஓடிப் பரிசு வாங்கியது, அதை நான் கேலி செய்ய மாட்டேன், அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு ஆராய்ச்சிக்கூடம், உன்னிடம் படிக்க வந்த பிள்ளைகள், பேராசிரியர் வேலையை உதறிவிட்டுக் கம்பெனி, வெள்ளை ஷூ போட்ட சேர்மன் என்று ஒவ்வொன்றாக வந்தது. வண்டியும் ஓடுகிறது, இல்லை என்று யார் சொன்னது. ஆனால் மழை பெய்யக்கூடாது, பனி மூடக்கூடாது, ரோட்டில் கோடு அழிந்திருக்கக்கூடாது, முன் சீட்டில் ஓர் ஆள் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை நிபந்தனையை உன் மாமியார்கூடக் கல்யாணத்தின்போது போடவில்லை. ஒவ்வொரு பேட்டியிலும் அடுத்த வருஷம் வந்துவிடும் என்கிறாய். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள், உன் விஷயத்தில் மணி அடித்து அடித்தே தேய்ந்துவிட்டது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு கேட்பேன். உன் அப்பா அப்படியே நம்பிவிட்டார், அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது. முதல் சீட் எங்க அப்பாவுக்குத்தான் என்று ஒரு தடவை கேமராவைப் பார்த்துச் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து மனிதர் காத்திருக்கிறார். அதோடு விட்டாயா. லீவில் வந்தபோது நம் காரின் கூரையிலும் கண்ணாடியிலும் கேமராவை ஒட்டி, அப்பா நீங்க ஓட்டுங்க, வண்டி உங்களப் பாத்துக் கத்துக்கட்டும் என்றாய். அவர் அதற்காக முடி வெட்டிக்கொண்டார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். இப்ப லெஃப்ட்ல திரும்புறேன், ஏன்னு கேளு என்று லீவு முழுக்கக் கேமராவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே ஓட்டினார். லெஃப்டில் திரும்ப ரைட் சிக்னலைப் போட்டதுதான் மிச்சம். அந்தப் படங்களை, ரோட்டில் இப்படியும் சிலர் ஓட்டுவார்கள், இவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போ என்று வண்டிக்குச் சொல்லித்தரத்தான் வைத்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை வாய் தவறிச் சொன்ன அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. அவரோ முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, எந்த நாட்டுல அந்த வண்டி ஓடினாலும் உள்ள இருக்குறது என் மூளைதான் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது. நேராகப் பார்த்தால் எறும்புகூடத் தெரிகிறது, அதனால் தனக்கு ஒன்றுமில்லை என்கிறார். பக்கவாட்டில் யானை நின்றாலும் தெரியாது. கண் டாக்டரம்மா நல்ல மாதிரி, இனிமேல் நீங்கள் வண்டி ஓட்டவே கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். இவர் என்ன சொன்னார் தெரியுமா, இன்னும் ஒரு வருஷம்தான் டாக்டர், பொண்ணோட வண்டி வந்துரும், அதுவரைக்கும் சமாளிச்சுக்குவேன் என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தாள், நான் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை முக்கில் திரும்பும்போது, பக்கத்தில் சைக்கிளில் வந்த தபால்காரரை அப்படியே வேலிக்குள் தள்ளிவிட்டார். நான் கத்தியதால்தான் பிரேக்கே போட்டார். தபால்காரர் செடிக்குள் கிடந்தபடியே, சாருக்கு ஒண்ணும் ஆகலியே என்று விசாரித்தார், அந்த நல்ல மனுஷனுக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அடுத்த தடவை அது பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தையாக இருந்தால் நாம் என்ன செய்வோம், சொல். எனக்குப் பயமாக இருக்கிறது, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

வெறுமனே பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. டாக்டரம்மா சொன்ன மறுநாளே முட்டி வலிக்கு வைத்தியம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லித்தந்த மாஸ்டர் முதல் நாள் என் வயசைக் கேட்டுவிட்டுக் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தவர், கடைசி வரைக்கும் விடவில்லை. பின்னால் எடுக்கும்போது ஒரு பூந்தொட்டி போயிற்று, போகட்டும், நானும் அதைக் கண்டுபிடித்தேன் என்று வைத்துக்கொள். டெஸ்ட் எடுத்த அதிகாரி, பாட்டி, பதட்டப்படாம ஓட்டுங்க என்றார். உங்க வாய்தான் பதட்டப்படுது தம்பி என்றேன். பாஸ் போட்டுவிட்டார். கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி வலி நிஜமாகவே குறைந்திருக்கிறது, அப்பாவும் அந்த வைத்தியரைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார். ஆக வீட்டில் கார் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது, சாவி மட்டும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. குளிக்கப் போனாலும் கூடவே எடுத்துப் போகிறார்.

பிடுங்க எனக்குத் தெரியாதா. பிடுங்கினால் மனிதர் உடைந்துவிடுவார், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நானோ சித்தப்பாவோ சொன்னால் பொறாமை என்கிறார், டாக்டர் சொன்னால் அவசரக்குடுக்கை என்கிறார். அதனால் நீ சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, அப்பா, வண்டி அடுத்த வருஷம் வராது, எப்ப வரும்னு எனக்கே தெரியல, நீங்க காத்திருக்க வேண்டாம், சாவிய அம்மாகிட்ட குடுங்க என்று சொல். பேட்டியில் பேசுகிற மாதிரி சுற்றி வளைக்காதே. உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வாக்கியத்தை நீ யாரிடமும் சொன்னதில்லை. சேர்மனிடம் சொல்லவில்லை, பத்திரிகைக்காரர்களிடம் சொல்லவில்லை, உன்னிடமே சொல்லிக்கொண்டாயோ என்னவோ. அவர்கள் யாரும் உன்னை முழுசாக நம்பவும் இல்லை, நான்கூடப் பாதிதான். உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் நீ சொன்ன தேதியை நம்பிக் கண் தெரியாமல் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடு, கண்ணே.

அழுதாலும் அழுவார், நான் பக்கத்தில் இருக்கிறேன். உன் வேலை கட்டாயம் ஜெயிக்கும், நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். குளிரில் சாக்ஸ் போடாமல் திரியாதே. ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே, மதியம் அவர் தூங்கி எழுந்த பிறகு பேசு, அதற்கு முன்னால் என்றால் எரிந்து விழுவார்.

இப்படிக்கு,
லைசென்ஸ் வாங்கிய உன் அம்மா