அறுநூறு டிகிரி வெள்ளி

மார்ச் 3

மாமனாரின் பழைய கார் இன்ஜினை இன்று பூட்டி முடித்தேன். பிஸ்டன், பேரிங், வால்வு எல்லாம் புதிது. ஒர்க்‌ஷாப்புக்கு விடுமுறை விட்ட நாளெல்லாம் இதிலேயே போயிற்று. கையால் சுற்றிக் காட்டினேன், வெண்ணெயாகச் சுற்றியது. மாமா குனிந்து பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன்.

"என்ன கலர் அடிக்கலாம்? எதுக்கும் சின்ன மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார்.

சின்ன மாப்பிள்ளை என் சகலை. மனைவியின் தங்கை கணவன். பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது.

மார்ச் 4

வயிறு எரிகிறது. சாப்பாட்டினால் இல்லை.

மார்ச் 6

சகலை வந்தான். வந்ததுமே வீடு கலகலவென்று ஆகிவிடும். மாமா தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். எனக்கு எப்போதும்போல் கால் ஆடும் ஸ்டூல்.

"இன்ஜின் எனாமல் போதும் அண்ணே. நூத்தம்பது டிகிரி தாங்கும். இன்ஜின் உடம்புக்கு அதுக்கு மேல வேண்டாம். எண்ணெய், பெட்ரோல் பட்டாலும் போகாது" என்றான். மாமா வேதவாக்கு மாதிரி தலையாட்டினார்.

"எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொல்றாரு பாருங்க" என்று என் மனைவி வேறு. நான் சொன்னால் மட்டும் அது ஏன் சத்தம் போடுவதாகிறது?

மார்ச் 7

அவன் கடையில் வாங்கவில்லை. பஸ் ஏறிப் போய் வேறொரு கடையில் வாங்கினேன். டப்பாவில் கொட்டை எழுத்தில் அறுநூறு டிகிரி. வெள்ளி நிறம். அவன் நூற்றைம்பது — நான் அறுநூறு.

மார்ச் 10

பிசுக்கு எடுத்து, ஓட்டைகளை டேப் ஒட்டி மூடி, மூன்று கோட் அடித்தேன். கண்ணைப் பறித்தது.

"அடேயப்பா, கடையில வாங்கினது மாதிரி இருக்கே மாப்பிள்ளை!" என்றார் மாமா. என்னிடம்தான். என்னிடமேதான்.

சகலையும் இருந்தான். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். பொறாமை! இன்று இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டேன்.

மார்ச் 14

எழுதவே கை வரவில்லை.

இன்ஜினை வண்டியில் இறக்கியாயிற்று. கார்புரேட்டருக்கு டியூப் மாட்டும்போது பெட்ரோல் கொஞ்சம் சிந்தியது. மாமா துணியால் துடைத்தார். வெள்ளியெல்லாம் துணிக்கு வந்துவிட்டது. அதே துணியால் நெற்றி வியர்வையையும் துடைத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, கையோட வருது?"

டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தை அப்போதுதான் படித்தேன். இருநூறு டிகிரியில் சுட்டால்தான் இறுகுமாம். இன்ஜின் உடம்பு அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது. அறுநூறைத் தாங்குகிற பெயிண்ட், நூறில் பச்சையாகவே கிடக்கும்.

அதற்குள் பக்கத்தில் நின்ற சகலை முந்திக்கொண்டான். "என் தப்பு மாமா. இது இன்னும் ஒசத்தின்னு அப்புறமா நான்தான் மாத்திச் சொன்னேன்."

பொய். பச்சைப் பொய்!

"கடை வெச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று மாமா அவனைத் திட்டினார். இத்தனை வருடமாக நான் ஏங்கிய காட்சி. ஏன் இனிக்கவில்லை? ஏன் நான் வாயைத் திறக்கவில்லை? பாவி, நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே.

மார்ச் 15

சகலையின் கடைக்கே போய்க் கேட்டேன். "ஏன்ப்பா அப்படிச் சொன்ன?"

"நான் திட்டு வாங்கினா சிரிச்சிட்டுப் போயிடுவேன். உங்களுக்குச் சோறு இறங்காது அண்ணே."

உண்மைதான். அதுதான் கடுப்பு.

"டப்பாவப் பார்த்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அப்ப மாமா உங்களப் பாராட்டிட்டிருந்தாரு."

எனாமலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கறுப்பு.

மார்ச் 21

இன்ஜினை வெளியே தூக்கி, இரண்டு பேருமாகத் தின்னர் போட்டுத் தேய்த்தோம். என்னைவிட நன்றாகத் தேய்க்கிறான். மீதி வெள்ளியைப் புகைக்குழாய்க்கு அடிக்கச் சொன்னான், அதுதான் கொதிக்கிற இடமாம். அடித்தேன்.

மார்ச் 28

முதல் ஓட்டம். "போறப்போ பெரியவரு, வர்றப்போ சின்னவரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு மாமா பின் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் ஓட்டும்போது அயர்ந்து தூங்கிவிட்டார். ஓர் இன்ஜினுக்கு அதைவிடப் பாராட்டு கிடையாது. இருந்தாலும் வாயால் சொல்லியிருக்கலாம்.

திரும்பும்போது சகலை. கிளட்சை அரைகுறையாக மிதித்துக் கியரைப் போட்டான். கர்ர்ரென்று ஒரு சத்தம், எனக்குப் பல் கூசியது. மாமா விழித்துக்கொண்டார்.

"என்ன சத்தம் அது?"

சகலையின் காது சிவந்துவிட்டது. கிளட்சை மயிரிழை பிசகாமல் வைத்தவன் நான்.

"நான்தான் கிளட்ச் சரியா வைக்கல மாமா. வீட்டுக்குப் போனதும் பார்க்கிறேன்" என்றேன்.