ஐஸ் பெட்டியின் கம்பி

ஜூலை 2

ஃபிரிட்ஜுக்குள் தானாக ஐஸ் போடும் மெஷின் நின்றுவிட்டது. ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால், ஐஸ் விழும் பெட்டியில் ஏழே ஏழு துண்டு. வேறு நாளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். இப்போது விசிலின் முட்டிக்கு மூன்று வேளையும் ஐஸ் வைக்க வேண்டும்.

விசில் என் நாத்தனார். விளையாட்டு டீச்சர். பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. முட்டி ஆபரேஷன் முடிந்து எங்களோடு இருக்கிறாள். வந்த மறுநாளே கூடத்தில் தடுமாறி விழுந்தாள். அன்றிலிருந்து நான் தோளைப் பிடித்தால்தான் கட்டிலை விட்டு இறங்குகிறாள். நாலு அடி வைத்ததும் "போதும் அண்ணி" என்கிறாள். மெடிக்கல் லீவு பதினெட்டாம் தேதி முடிகிறது. அதற்குள் தானாக நடந்தால் மைதானம். இல்லாவிட்டால் நூலகத்தில் உட்கார்த்திவிடுவார்களாம். இவளை நூலகம் தாங்காது. அவளை நடக்க வைக்கத்தான் என்னால் முடியவில்லை, ஐஸாவது வேளாவேளைக்கு வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

கூடத்தில் சாப்பாட்டு மேஜை அருகே தரையில் தண்ணீர். கசிகிறதோ? ஃபிரிட்ஜ் சமையலறையில் இருக்கிறது, தண்ணீர் கூடத்துக்கு எப்படி வந்தது?

ஜூலை 3

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "ரெண்டே நிமிஷம்க்கா, வந்துட்டேன்." அது காலை பத்து மணிக்கு. இப்போது சாயங்காலம் ஆறு.

ஜூலை 4

ரெண்டு நிமிஷம் வரவில்லை. (அவருக்கு இனி அதுதான் பெயர்.) நானே இறங்கிவிட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கடுகளவு திருகாணியைத் திருகுகிற கை இது. இந்த மெஷினுக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தோம். அதாவது நான் இழுத்தேன், என் வீட்டுக்காரர் பார்த்தார். பின்னால் வரும் தண்ணீர்க் குழாய் எங்கும் மடங்கவில்லை. அதைக் கழற்றி வாளியில் விடப் போனேன், பீய்ச்சி அடித்ததில் அவர் சட்டை தொப்பலாகிவிட்டது. "புதுசே வாங்கிடலாம்" என்றார், பிழிந்துகொண்டே. விசில் கட்டிலில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. மெஷின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் இருந்தது.

ஐஸ் தீர்ந்துவிட்டது. ஃப்ரீசரில் கிடந்த பட்டாணிப் பொட்டலத்தை முட்டியில் கட்டினேன். "இதையே நாளைக்குச் சமைச்சுடாதீங்க அண்ணி."

ஜூலை 5

வடிகட்டியை மாற்றினேன். மெஷினுக்குள் தண்ணீர் விழும் இடத்தில் உறைந்து அடைத்திருக்குமோ என்று வெந்நீர்த் துணி சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தரையிலும் தண்ணீர் இல்லை. கசிவு தானாகவா நின்றது?

ஜூலை 7

ரெண்டு நிமிஷம் அவராகவே போன் செய்தார்.

"மெஷின் பக்கத்துல ஒரு கம்பி இருக்கும்க்கா. மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேலே."

"பெட்டி நெறைஞ்சா ஐஸ் அதைத் தூக்கும், மெஷின் நின்னுடும். பெட்டி காலியா இருக்குல்ல? அப்ப யாரோ கையால தூக்கியிருக்காங்க. எறக்கி விடுங்க, நாளைக்கு ஐஸ் வரும்."

இந்த ஒரு தடவை உண்மையிலேயே ரெண்டு நிமிஷம். குழாய், வடிகட்டி, வீட்டுக்காரர் சட்டை, எல்லாம் இந்தக் கம்பிக்காகவா? பெட்டியைத் துடைத்தபோது நானே தூக்கியிருப்பேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஜூலை 8

காலையில் கடகடவென்று ஐஸ் விழுந்தது. நான்தான் சரிசெய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் மறுக்கவில்லை.

ஜூலை 9

கடையிலிருந்து வந்து பார்த்தால் கம்பி மேலே. மேஜை அருகே தண்ணீர்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஃப்ரீசர்ல எனக்கென்ன வேலை?" அதுவும் சரிதான். குடிக்கிற தண்ணீரே அவர் கைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 10

இறக்கி வைத்த கம்பி மறுபடி மேலே. மறுபடி தண்ணீர். துடைக்கப் போனால், நடுவில் கரைந்தும் கரையாமலும் ஒரு ஐஸ் துண்டு. கசிவே இல்லை இது. பகலில் நான் கடையில், அவர் ஆபீசில். வீட்டில் இருப்பவள் ஒருத்திதான். அவள் நடக்கவே மாட்டாளே —

அறைக்குப் போய் நின்றேன். "அந்தக் கம்பியை நீ தூக்கினியா?"

ஜன்னலைப் பார்த்தாள். "கைக்கு இடிச்சுது அண்ணி, தூக்கி விட்டேன். திரும்ப எறக்கணும்னு தெரியாது."

"அங்க எப்படிப் போனே?"

"நடந்துதான். பதினாலு அடி. போய்ச் சேந்தா ஒரு துண்டு ஐஸ், எனக்கு நானே குடுத்துக்கற பரிசு. வர்றப்போ சில நாள் வழுக்கி விழுந்துடும். குனிஞ்சு எடுக்க முடியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க 'பாத்து, பாத்து'ன்னு வந்து பிடிப்பீங்க. பிடிச்சா எனக்குப் பயம் வந்துடுது."

தனியா விழுந்து கெடந்திருந்தா என்னடி ஆயிருக்கும் என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அன்று அவள் விழுந்தபோது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது யார்? நான்தான். அவள் சத்தமே போடவில்லை. பயந்தவள் அவளா, நானா?

ஜூலை 11

"இனிமே நான் இருக்கும்போது நட. பிடிக்க மாட்டேன்" என்றேன்.

"உங்களால முடியுமா அண்ணி?" என்கிறாள். அவளைக் கேட்க வேண்டிய கேள்வி.

ஜூலை 13

முடிந்தது.

சுவரைப் பார்த்தபடி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் அவள் அடி வைப்பது கேட்டது. எண்ணினேன். ஐந்தாவது அடிக்குப் பிறகு சத்தம் இல்லை. வாய்வரை வந்த "பாத்து"வை விழுங்கினேன். இரண்டு கையையும் சோப்புத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். எடுத்தால் அவளைப் பிடிக்க ஓடிவிடும் என்று தெரியும். பிறகு ஆறு. ஏழு. பதினாலு.

ஃப்ரீசர் கதவு திறந்தது. பக்கத்தில் வந்து என் வாயில் ஒரு துண்டு ஐஸைப் போட்டாள். "இது உங்க பரிசு."

கண் நிறைந்துவிட்டது. பல் கூசுகிறது என்றேன்.

அவள் திரும்பிப் போய், கம்பியை இறக்கிவிட்டு, ஃப்ரீசரைச் சாத்தினாள்.