அக்காவின் பயோடேட்டாவில் இரண்டு வருடம்

மார்ச் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் தட்டச்சுக் கடையில் இன்று கூட்டமில்லை. அக்காவின் பயோடேட்டாவைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். பெரிய மருத்துவமனையில் பொது மருத்துவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். கையால் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள். தொடக்கமே பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி!

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "டாக்டரம்மா தவழ ஆரம்பிச்ச தேதி மட்டுந்தான் விட்டுப்போச்சு."

சிரித்துவிட்டேன். பள்ளியை ஏன் விட்டாய் என்று இன்றுவரை கேட்காத மனிதர். நன்றாயிருக்கட்டும்.

மார்ச் 4, புதன்

எத்தனையோ டாக்டர்களுக்குப் பயோடேட்டா அச்செடுத்துக் கொடுத்த கடைக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "இப்ப என்ன பண்றாங்க, அதான் மொதல்ல. பழசு கீழ போகட்டும். ரெண்டு பக்கத்துக்கு மேல எவன் படிப்பான்?"

வெட்டினேன். பேச்சுப் போட்டி போயிற்று. 'பல நோயாளிகளைக் கவனித்தேன்' என்பதை அக்காவிடம் கேட்டு, 'முப்பது படுக்கை வார்டு, தினமும் நாற்பது வெளிநோயாளிகள்' என்று மாற்றினேன். பிறகு வரிசையைத் தலைகீழாக்கினேன்.

அப்போதுதான் தெரிந்தது. கடைசி வேலை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒன்பதாம் பக்கத்தில் ஒளிந்திருந்த ஓட்டை இப்போது முதல் பக்கத்தின் நெற்றியில் நிற்கிறது.

அந்த ஓட்டை நான்தான். சிறுநீரகம் கெட்டு, பத்தாம் வகுப்போடு படுத்தேன். அம்மா ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவாள். அக்கா வேலையை விட்டாள்.

மார்ச் 5, வியாழன்

காட்டினேன். அக்கா அந்த இடைவெளியைப் பேனாவால் வட்டமிட்டாள்.

"பழைய ஆஸ்பத்திரியில போன மாசம் வரைக்கும் இருந்தேன்னு போட்டுடு."

"அவங்க ஃபோன் பண்ணிக் கேட்டா?"

"பார்த்துக்கலாம். யாரோ நாலு பேரு உட்கார்ந்து உன்னைப் பத்திப் பேச வேணாம்டி."

வீட்டுக்கு உடம்பை விசாரிக்க ஆள் வந்தால் உள்ளே ஓடுகிறவள் நான். எனக்காகத்தான் சொல்கிறாள். இருந்தாலும் — என்னை ஏன் மறைக்கணும்? நான் என்ன திருட்டுப் பொருளா? என்னால இவ பொய் சொல்லி மாட்டிக்கணுமா?

அழுதேன்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் போனதும் முதல் வேலையாக இதை அடித்தேன்: 'கடந்த இரண்டு ஆண்டுகள்: சிறுநீரக நோயுற்ற தங்கையின் முழுநேரப் பராமரிப்பு. தங்கை இப்போது நலம், வேலைக்குச் செல்கிறாள். என் மருத்துவக் கவுன்சில் பதிவு நடப்பில் உள்ளது.'

அக்கா கடைக்கு வந்து இரண்டு தடவை படித்தாள். "வேலைக்குச் செல்கிறாளாம்! பெருமையைப் பாரு."

"உண்மைதானே?"

கடைக்காரர் குறுக்கே வந்தார். "கடை பேரையும் போட்டிருக்கலாம்மா. ஓசி விளம்பரம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அனுப்பினாள். அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. தாளில் வந்துவிட்டது.

மார்ச் 11, புதன்

மருத்துவமனையிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றும். நான் கெடுத்துவிட்டேனோ?

மார்ச் 19, வியாழன்

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தாள். மூத்த டாக்டர் நேராக அந்த வரியில்தான் விரலை வைத்தாராம். "நோயாளி பக்கத்துலயே ரெண்டு வருஷம் இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

"டாக்டர் அவசரமா வந்துட்டுப் போனா வீட்டுக்காரங்களுக்கு அன்னைக்குத் தூக்கமே வராதுன்னு" என்றாளாம்.

அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லையாம். நல்லதா, கெட்டதா?

ஏப்ரல் 1, புதன்

அக்காவுக்கு வேலையில் முதல் நாள்; ஏழு மணிக்கே கிளம்பிவிட்டாள், கழுத்தில் புது அடையாள அட்டையோடு. பத்து மணிக்குக் கடைக்கு ஃபோன்.

"மாத்திரை —"

"நானே எடுத்துப் போட்டாச்சு."

"எந்த —"

பின்னால் யாரோ "டாக்டர்!" என்று கூப்பிட்டார்கள். கேள்வியை முடிக்காமலே வைத்துவிட்டாள். நான் ஃபோனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தேன்.