பாதி நிரம்பிய ஸ்பூலும் கடைசிக் கல்லும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுத வந்தேன், ‘நானும்’ வரைக்கும் சரளமாக ஓடிய பேனா ‘அப்பாவும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. பதறாதே. அப்பா உள்ளறையில்தான் இருக்கிறார், சாப்பிட்டார், வழக்கம்போல் குளியலறை விளக்கை அணைக்காமல் வந்திருக்கிறார். ஆனால் அவரைப் பற்றிய பயம் ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மாட்டேன் என்கிறது, அதை போனில் சொல்ல முடியவில்லை. நீ கூப்பிட்டால் அவர் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். குறுஞ்செய்தி அனுப்பலாமென்றால், நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் உன் பதிலை அவர் படித்துச் சொல்லிவிடுவார். அதனால்தான் இந்தத் தபால்.

சித்திக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது என் முகத்தில் இருக்கும் சுருக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சொல்கிறாள். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள், வீடே அமைதி. நீ இரவில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினால் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வை, பல தடவை சொல்லிவிட்டேன், நீயும் சரி சரி என்று பல தடவை சொல்லிவிட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய மீன்பிடி ரீலும் பின்னல் நூலும் வந்த அன்று அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பட்டறைக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார். அது பெரிய ரீல், தடித்த நைலான் நரம்பை நிறையச் சுற்றிக்கொள்ளும்படி செய்தது. நீ கூடவே அனுப்பிய பின்னல் நூலோ தலைமுடியைப் போல மெல்லியது. முழுவதையும் சுற்றிய பிறகும் ரீலில் நூல் ஏறும் உருளை, அந்த ஸ்பூல், பாதிதான் நிரம்பியது. வேறு யாராக இருந்தாலும் என்னடா இது குறைகிறதே என்று யோசித்திருப்பார்கள். உன் அப்பா வாழ்நாள் முழுவதும் சரக்குத் தூக்கும் கிரேன்களின் டிரம்மோடும் கம்பிவடத்தோடும் மல்லுக்கட்டியவர் ஆயிற்றே, அவருக்கு அது பரம திருப்தி. ‘பாத்தியா, மேல எவ்ளோ இடம் இருக்கு, இப்படித்தான் இருக்கணும், டிரம்மை விளிம்பு வரைக்கும் நிரப்புறவன் மடையன்’ என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ம்ம் என்றேன். மீன்பிடிப்பதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும், நாள் முழுக்க நின்றுவிட்டு வெறுங்கையோடு வருகிற வேலைக்கு எதற்கு இத்தனை கருவி என்று நினைப்பவள் நான்.

அடுத்து வந்த விடுமுறை நாளிலிருந்து துறைமுகத்து அலைதடுப்புச் சுவருக்குப் போக ஆரம்பித்தார். நீ சின்ன வயதில் பார்த்த இடம்தான், விளக்குக் கம்பம் வரைக்கும் சிமென்ட் பாதை, அதற்கப்புறம் வெறும் கற்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடப்பவை. எல்லோரும் கம்பத்தருகே நின்றுதான் எறிவார்கள். இவர் எறிந்தது மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கிட்டத்திலேயே விழுந்திருக்கிறது. கூடப் போகிற பஸ் டிரைவர், உனக்குத் தெரியும், எப்போதும் காதில் பென்சில் செருகியிருப்பாரே அவர்தான், ‘என்ன அண்ணே, வெளிநாட்டு ரீலு, குளத்துல போடுற மாதிரி போடுறீங்க’ என்று கிண்டல் செய்திருக்கிறார். இவருக்கு ரோஷம். நூலில் கோளாறு, ரீலில் கோளாறு என்று நினைக்க மனம் வரவில்லை, நீ அனுப்பியதாயிற்றே. தான் நிற்கிற இடத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, கம்பத்தைத் தாண்டி ஒரு கல், அடுத்த வாரம் இன்னொரு கல் என்று முன்னேறிக்கொண்டே போய், கடைசியில் பாசி படிந்து அலை ஏறி இறங்கும் கடைசிக் கல்லுக்கே போய்விட்டார். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ஈரமான கால்சட்டையை நான் வாளியில் போடும்போது, சுவரில் அலை தெறித்தது என்பார், நானும் கேட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் இடது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இரை நறுக்கும்போது கத்தி வழுக்கிவிட்டது என்றார். மருந்து போட அவிழ்த்துப் பார்த்தேன். நடுவிரலையும் மோதிர விரலையும் சுற்றி, மோதிரம் போட்டதுபோல் வட்டமான வெட்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிகிற ஆழத்துக்கு. கத்தி வட்டமாக வெட்டாது. நான் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு கதை வரும். மறுநாள் மருந்துக்கடையில் டிரைவரைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, ‘அண்ணி, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க’ என்று ஆரம்பித்தார். அன்று பெரிய மீன் ஒன்று இழுத்திருக்கிறது. ரீலின் பிரேக்கை எவ்வளவு இறுக்கியும் நூல் ஓடிக்கொண்டே இருந்ததாம். பிரேக் போய்விட்டது என்று நினைத்து இந்த மனிதர் நூலைக் கையில் சுற்றிப் பிடித்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அலை வந்து அடிக்க, முழங்கால் மடிந்து விழுந்திருக்கிறார். ‘ஓடிப்போய் சட்டையைப் புடிச்சு இழுத்தேன் அண்ணி, பட்டன்தான் கையோட வந்துச்சு. நல்லவேளை தூண்டில் முள்ளுக்குப் பக்கத்துல நூலு அந்துச்சு, இல்லன்னா மீன் அண்ணனைப் புடிச்சுட்டுப் போயிருக்கும்’ என்று சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது. நான் எதற்காக அந்தக் கடைக்கு வந்தேன் என்பதே மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து அவர் குளிக்கப் போய்ச் சத்தம் வராவிட்டால்கூட எனக்குத் திக்கென்கிறது. கண்ணை மூடினால் பாசி படிந்த கல்லும் நூல் சுற்றிய விரலும்தான். அழுது புரண்டு தடுக்கிற சுபாவம் எனக்கு இல்லை, தடுத்தாலும் நிற்கிறவர் இல்லை அவர். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். அவர் பட்டறைக்குப் போன பிறகு ரீலை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்த்தேன். பிரேக்கை முழுவதும் இறுக்கிவிட்டு நூலைத் துணியால் பிடித்து இழுத்தேன். ஸ்பூல் அசையவில்லை, ஆனால் அதன்மேல் சுற்றியிருந்த நூல் மொத்தமும் ஒரே கட்டையாக வழுக்கிச் சுழன்றது. பிரேக்கில் ஒரு குற்றமும் இல்லை. பின்னல் நூல் வழுவழுப்பு, அடியில் பிடிமானம் இல்லாமல் வெறும் உலோகத்தின்மேல் சுற்றினால் அது பிடிக்காது. கிரேன் டிரம்மில் நாலு சுற்றுச் சுற்றினால் கம்பிவடம் கவ்விக்கொள்ளும் என்ற பழக்கத்தில் அவர் அப்படியே கட்டிவிட்டார். தூரம் போகாததற்கும் அதே பழக்கம்தான் காரணம். டிரம் சுழன்று வடத்தை விடும். இந்த ரீலில் ஸ்பூல் சுழலுவதே இல்லை, எறியும்போது நூல்தான் விளிம்பைத் தாண்டி வெளியே போகிறது. நூல் பாதிப் பள்ளத்தில் கிடந்தால் ஒவ்வொரு சுற்றும் விளிம்பில் உரசி உரசித்தானே போகும், எப்படித் தூரம் போகும்.

அப்படியானால் அடியில் நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு மேலே உன் நூலைச் சுற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்து விளிம்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்க வேண்டும். எவ்வளவு நரம்பு என்பதில்தான் சிக்கல். ஸ்பூலில் அச்சடித்திருக்கும் கொள்ளளவு நைலானுக்கானது. நூல் பெட்டியில் போட்டிருக்கும் தடிமனை நான் நம்பவில்லை, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு லேபிளை நம்புகிற பழக்கம் போய்விட்டது. அங்கிருந்து தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து அளந்தேன். பின்னல் நூல் நசுங்குகிறது, அழுத்த அழுத்த அளவு குறைகிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான். கடைசியில் கணக்கே வேண்டாம் என்று தலைகீழாகச் செய்தேன். முதலில் உன் நூல் முழுவதையும் ஸ்பூலில் சுற்றுவது, அதன்மேல் நரம்பைக் கட்டி விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்வரை நிரப்பி வெட்டுவது, பிறகு எல்லாவற்றையும் கழற்றி நரம்பு அடியிலும் நூல் மேலேயும் வரும்படி திருப்பிச் சுற்றுவது.

இதற்கு இரண்டு பேர் வேண்டும், அதனால் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. டிரைவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, துணியால் இழுத்து நூல் வழுக்குவதை மட்டும் காட்டினேன். துணியை வாங்கித் தானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, ‘அதெல்லாம் சரி லேப் மேடம், விளிம்பு வரைக்கும் நிரப்பினா ரோப் வெளிய குதிக்கும், ஆளையே கொன்னுடும்’ என்றார். வெளிய குதிக்கணும்னுதாங்க இதைச் செஞ்சே இருக்காங்க என்றேன். வீட்டு ஹாலின் இந்தக் கோடியில் அவருடைய பழைய ரீலோடு நானும் அந்தக் கோடியில் புது ரீலோடு அவரும் உட்கார்ந்து சுற்றினோம். நூல் தளர்வாக ஏறினால் அடுத்த இழுப்பில் அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும் என்பதால் ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்திருந்தேன். ‘அப்படியே இரு, கையை ஆட்டாதே, வேலைக்குச் சேத்துக்கலாம் போல இருக்கே’ என்றார். ஆறி வந்த அந்த இரண்டு விரல்களையும் மடக்க முடியாமல் அவர் கைப்பிடியைச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன விடுமுறையன்று நானும் கூடப் போனேன். கம்பத்தருகே நின்று போடச் சொன்னேன். ஈயக்குண்டு போன தூரத்தைப் பார்த்து டிரைவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். முன்பு கடைசிக் கல்லிலிருந்து எறிந்ததைவிட நன்றாகவே அதிகம். நூலும் வழுக்கவில்லை. இனி அந்தக் கல்லில் இவருக்கு வேலை இல்லை என்று எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை விடக்கூட இல்லை, உன் அப்பா கண்கள் பளபளக்க என் பக்கம் திரும்பி, ‘இங்கேர்ந்தே இவ்ளோ தூரம்னா அந்தக் கடைசிக் கல்லுலேர்ந்து போட்டா எப்படி இருக்கும்!’ என்றார். நான் ஒரு காரணத்தைச் சரிசெய்தேன், அவர் அதையே இன்னொரு காரணமாக்கிக்கொண்டார். அன்றைக்கு நான் இருந்ததால் போகவில்லை. நாளைக்கு யார் இருப்பார்கள்.

அவர் எதற்காகத் தூரம் போக நினைக்கிறார் என்று யோசித்துப் பார்த்தேன். மீனுக்காக இல்லை, பிடித்ததில் பாதியைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் எறிவதை டிரைவரை விட்டு வீடியோ எடுக்கச் சொல்லி உனக்கு அனுப்புகிறார். நீ ‘சூப்பர்ப்பா, இன்னும் கொஞ்சம் தூரம்’ என்று எழுதுகிறாய். அதை அவர் என்னிடம் படித்துக் காட்டுகிறார், பிறகு டிரைவரிடம், பிறகு பட்டறையில். உன்மேல் ஒரு குறையும் இல்லை, நீ பார்ப்பது அவர் கையும் கோலும் கடலும்தான், காலுக்கடியில் இருக்கும் கல் படத்தில் வருவதில்லை. ஆனால் நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறவர் நீ சொன்னால் கேட்பார். அதனால் அடுத்த வீடியோ வரும்போது எவ்வளவு தூரம் போனது என்று கேட்காதே. எங்கே நின்று போட்டீர்கள் என்று கேள். கற்களின் மேல் என்றால் ஒரு வார்த்தைகூடப் பாராட்டாமல் போனை வைத்துவிடு, எனக்குத் தெரியும், உனக்கு அது கஷ்டம். கம்பத்தருகே என்றால், எறிந்தது காலடியிலேயே விழுந்திருந்தாலும் வாய் நிறையப் பாராட்டு. நூலை ஒருபோதும் கையில் சுற்றக்கூடாது, வெட்டிவிட வேண்டும் என்பதையும் நீயே எங்கோ படித்ததுபோலச் சொல்.

நீ நோய் நொடியில்லாமல், நல்லவர்கள் சூழ, நினைத்ததெல்லாம் கைகூடி வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். பதிலை வீட்டுக்கு எழுதாதே, பரிசோதனைக் கூடத்து முகவரிக்கு எழுது. கதவருகே அவர் கோலை எடுக்கும் சத்தம் கேட்கிறது. டிரைவருக்கு இன்று வண்டி இருக்கிறது, தனியாகத்தான் கிளம்புகிறார். வழுக்காத ஷூவைப் போட்டுக்கொண்டு நானும் போகிறேன், என்ன லேப் மேடம் மீன் பிடிக்கவா என்று கேலி செய்வார், செய்யட்டும்.

அன்புடன்,
உன் அம்மா